உள்ளே இழுக்கும், வெளியே தாங்கும்

பழைய செடான் காரின் டிக்கியைத் திறக்கும் கேபிளுக்குள் ஓடும் கம்பியின் தடிமன் ஒன்றரை மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். புதிதாக இருக்கும்போது அந்தக் கம்பியில் மூன்று ஆட்கள் தொங்கலாம். 19 மெல்லிய எஃகு இழைகளை முறுக்கிச் செய்த இந்த வகைக் கம்பி, ஏறக்குறைய 240 கிலோ எடை ஏறும்வரை அறாது. டிரைவர் சீட்டுக்கு வலப்பக்கம் தரையோரமாக இருக்கும் லீவரைத் தூக்க நாம் கொடுப்பதோ சில கிலோ எடைக்குச் சமமான விசைதான். ஆனாலும் கேபிள் அறுகிறது. ஒருநாள் காலையில் லீவரைத் தூக்கினால், எதிர்ப்பே இல்லாமல் தொளதொளவென்று கையோடு வருகிறது.

பெங்களூரின் காக்ஸ் டவுனை ஒட்டிய ஜீவனஹள்ளியில் இது அதிசயமான சங்கதி இல்லை. சந்துகள் குறுகல், பல வீடுகளுக்கு கார் ஷெட் கிடையாது. கார்கள் காம்பவுண்டுச் சுவரை உரசினாற்போல வெயிலிலும் மழையிலும் நிற்கின்றன. இந்த ஊருக்கு மழை ஒரே பருவத்தில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போவதில்லை. மே மாதத்தில் ஒருமுறை வலுத்து, செப்டம்பர், அக்டோபரில் மறுபடி வலுக்கும். இரண்டுக்கும் இடையில் தூறலும், மேம்பாலத் தூணுக்குத் தோண்டிய மண்ணின் தூசும். எஃகுக் கம்பிக்கு இவை இரண்டுமே ஆகாது. ஆனால் மழையையும் தூசியையும் மட்டும் குற்றம் சொன்னால் பாதிக் கதைதான் தெரியும். மூன்று ஆளைத் தாங்கும் கம்பியை நம் ஒரு கை எப்படி அறுக்கிறது என்று புரிய, முதலில் கேபிளுக்குள் நடப்பதைப் பார்க்க வேண்டும்.

லீவர் இருப்பது முன்சீட்டருகே, பூட்டு இருப்பது டிக்கி மூடியில். நடுவே சுமார் மூன்று மீட்டர். நேர்கோட்டில் போக வழியில்லை. கதவு நிலைப்படியின் அடியில் ஓடி, பின்சக்கரத்தின் வளைவை ஒட்டி ஏறி, டிக்கிக்குள் நுழைந்து, மூடியின் கீல் வழியாகப் பூட்டுக்குப் போக வேண்டும். அந்தக் கீலும் அசையும் உறுப்பு. வெறும் கம்பியை இந்தப் பாதையில் விட்டு இழுத்தால் அது வளைவுகளையெல்லாம் விட்டுவிட்டு நேராக விறைத்துக்கொள்ளும், வழியில் இருக்கும் பஞ்சையும் தகரத்தையும் அறுத்துக்கொண்டு. இதைத் தவிர்க்க ஒவ்வொரு முக்கிலும் ஒரு கப்பி வைக்கலாம். பழைய விமானங்களில் அப்படித்தான் செய்தார்கள். காருக்கு அது கட்டுப்படியாகாது.

இந்தச் சிக்கலுக்கு விடை கண்டவர் எர்னஸ்ட் மோனிங்டன் பௌடன் என்ற ஐரிஷ்காரர். 1896-ல் இங்கிலாந்திலும், தொடர்ந்து அமெரிக்காவிலும் காப்புரிமை பெற்றார். அவர் மனதில் இருந்தது சைக்கிள் பிரேக். ராலே சைக்கிள் கம்பெனியை நிறுவிய ஃபிராங்க் பௌடனின் குடும்பப் பெயரும் அதுவே என்பதால், இந்தப் புகழ் பல புத்தகங்களில் அவர் கணக்கில் எழுதப்பட்டுவிட்டது. அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. எர்னஸ்ட் பௌடன் 1904-ல் காலமானார். தன் கேபிள் ஸ்கூட்டருக்கும் ஆட்டோவுக்கும் போய்ச் சேர்ந்ததை அவர் பார்க்கவில்லை.

அவருடைய சாமர்த்தியம் கம்பியில் இல்லை, அதைச் சுற்றியிருக்கும் உறையில் இருக்கிறது. மெக்கானிக்குகள் உள்ளே ஓடும் கம்பியை இன்னர் என்பார்கள், உறையை அவுட்டர். கறுப்பு பிளாஸ்டிக் தோலை உரித்தால் அவுட்டர் என்பது நெருக்கமாகச் சுருட்டிய எஃகுச் சுருள் என்று தெரியும். சுற்றுக்கும் சுற்றுக்கும் இடையில் சந்தே இல்லாத ஸ்பிரிங் அது. எப்படி வேண்டுமானாலும் வளைக்கலாம், ஆனால் நீளவாக்கில் அழுத்திக் குறுக்க முடியாது. அதன் ஒரு முனை லீவரின் சட்டத்திலும் மறுமுனை பூட்டின் சட்டத்திலும் முட்டி நிற்கும். இன்னரை நீங்கள் நாலு கிலோ விசையால் இழுத்தால், அவுட்டர் அதே நாலு கிலோ விசையால் நசுக்கப்படுகிறது. இழுப்பை உள்ளே இருப்பது எடுத்துச் செல்கிறது, எதிர்விசையை வெளியே இருப்பது தாங்குகிறது. நியூட்டனின் மூன்றாம் விதியை இவ்வளவு மலிவான ஒரு பொருளில் பார்ப்பது அபூர்வம். அவுட்டரின் நீளம் மாறாததால், பாதை எப்படி வளைந்தாலும் உள்ளே கம்பி ஓட வேண்டிய தூரம் கிட்டத்தட்ட மாறுவதில்லை. டிக்கி மூடி ஏறி இறங்கும்போதும், சைக்கிள் ஹேண்டில்பார் திரும்பும்போதும் கம்பி தானாக இழுபடாமல் இருப்பது இதனால்தான்.

சைக்கிள் வைத்திருப்பவர்கள் சோதித்துப் பார்க்கலாம். பிரேக்கை அழுத்தும்போது ஹேண்டில்பாருக்கு முன்னால் வளைந்து நிற்கும் கேபிளைக் கவனியுங்கள். லேசாகத் துள்ளி நிமிரப் பார்க்கும். அது அவுட்டர் நசுங்குவதன் அடையாளம். இனி அவுட்டரின் முனையை அதன் குமிழிலிருந்து வெளியே எடுத்துவிட்டு அழுத்துங்கள். இன்னர் அறாமல் முழுசாக இருக்கும், பிரேக் மட்டும் பிடிக்காது. காரிலும் இதே கதை நடக்கும். பூட்டருகே அவுட்டரைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப் வெயிலில் காய்ந்து உடைந்தால், லீவரைத் தூக்கும்போது அவுட்டரும் சேர்ந்து நகரும், பூட்டு அசையாது. கேபிள் போச்சு என்று முழு கேபிளையும் மாற்றிக் காசு வாங்குவோர் உண்டு. சில ரூபாய் கிளிப்பில் முடியும் வேலை அது.

சரி, இன்னரை ஏன் 19 இழைகளாக முறுக்க வேண்டும்? ஒரே கம்பியாகப் போட்டால் என்ன? ஒரு கம்பியை வளைத்தால் அதன் வெளிப்பக்கம் நீள்கிறது, உட்பக்கம் சுருங்குகிறது. எவ்வளவு நீள்கிறது என்பது ஒரு எளிய வகுத்தல்: கம்பியின் தடிமனை வளைவு வட்டத்தின் விட்டத்தால் வகுத்தால் போதும். ஒன்றரை மில்லிமீட்டர் ஒற்றைக் கம்பியை பத்து சென்டிமீட்டர் விட்டத்தில் வளைத்தால் வெளிப்பக்கம் ஒன்றரை சதவீதம் நீளும். கடினமாக இழுத்துச் செய்த எஃகுக் கம்பி சுமார் ஒரு சதவீதத்திலேயே பழைய உருவுக்குத் திரும்பும் குணத்தை இழக்கத் தொடங்கிவிடும். அதே தடிமனை 19 இழைகளாகப் பிரித்தால் ஒவ்வொரு இழையும் 0.3 மில்லிமீட்டர். நீட்சி 0.3 சதவீதம். எஃகுக்கு அது பொருட்டே அல்ல. இழைகள் ஒன்றன்மேல் ஒன்று சற்றே வழுக்க முடிவதால்தான் இந்தக் கணக்கு செல்லும் என்பதையும் நினைவில் வையுங்கள். துரு பிடித்து இழைகள் ஒட்டிக்கொண்டால் 19 மெல்லிய இழைகளும் மறுபடி ஒரே தடித்த கம்பியாகிவிடும்.

பழைய மாருதி 800-ன் சோக் கேபிளில் ஒற்றைக் கம்பியே இருக்கும். அதைத் திரும்ப உள்ளே தள்ளவும் வேண்டும் என்பதால் அங்கே விறைப்பு தேவைப்பட்டது. டிக்கி கேபிளுக்கு அந்தக் கவலை இல்லை. திருப்பி இழுக்கப் பூட்டிலேயே ஸ்பிரிங் இருக்கிறது.

முறுக்கிய இரும்புக் கயிற்றின் வரலாறு சுரங்கத்தில் தொடங்குகிறது. ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலையில் கிளௌஸ்டால் சுரங்கங்களுக்குப் பொறுப்பாக இருந்த வில்ஹெல்ம் ஆல்பர்ட்டை வாட்டியது சங்கிலி. தாது தூக்கும் இரும்புச் சங்கிலிகள், தாங்கக்கூடிய சுமைக்கு மிகக் குறைவான சுமையிலேயே திடீர் திடீரென்று அறுந்தன. ஒரு கண்ணி போனால் சங்கிலியே போயிற்று. 1829 வாக்கில் அவர் சங்கிலிகளுக்குத் திரும்பத் திரும்பச் சுமை ஏற்றி இறக்கிச் சோதித்தார். ஒருமுறை தாங்கும் சுமை வேறு, ஆயிரக்கணக்கான முறை தாங்கும் சுமை வேறு என்பது தெரிந்தது. உலோகச் சோர்வு என்று இன்று நாம் சொல்வதை முதலில் முறையாக ஆராய்ந்தவர் என்று அவரைச் சொல்கிறார்கள். 1834-ல் அவர் செய்த கயிறு, நான்கு கம்பிகள் கொண்ட மூன்று புரிகளைக் கையாலேயே முறுக்கியது. ஒரு கம்பி அறுந்தாலும் மற்ற பதினொன்றும் தாங்கும், பார்ப்பவருக்கு எச்சரிக்கையும் கிடைக்கும். பிறகு அந்த நூற்றாண்டின் நடுவில் பிரஷ்யாவின் அவுகுஸ்ட் வோலர் ரயில் அச்சுகளை ஆண்டுக்கணக்கில் சுழற்றிப் பார்த்து இந்தச் சோர்வுக்கு எண்கள் கொடுத்தார்.

டிக்கி கேபிளில் அந்த எச்சரிக்கை நமக்குக் கிடைப்பதில்லை. கம்பி உறைக்குள் மறைந்திருக்கிறது. முதல் இழை லீவருக்குப் பக்கத்தில் அறுகிறது, கம்பி முனையில் வார்த்த உலோக உருண்டையை விட்டு வெளியே வரும் இடத்தில். நிப்பிள் என்று சொல்லப்படும் அந்த உருண்டை தன் துளைக்குள் தாராளமாகச் சுழன்றால் கம்பி நேராக இழுபடும். துளையில் அழுக்கு சேர்ந்து அது இறுகிவிட்டால், ஒவ்வொரு இழுப்பிலும் கம்பி அதே ஒரு மில்லிமீட்டரில் மடங்கி நிமிரும். ஒரு இழை போனதும் அதன் பங்கு மற்ற பதினெட்டுக்கும் போகிறது. பாதி இழைகள் போன பிறகு வேகம் பிடிக்கும். கடைசி நாலைந்து இழைகள் ஒரே நாளில் போகும்.

ஆனால் சோர்வு என்று சொல்லிவிட்டு நகர முடியவில்லை. பெங்களூர் போக்குவரத்தில் ஒரு கிளட்ச் கேபிள் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான முறை இழுபடுகிறது. டிக்கியை ஒருநாளைக்கு இரண்டு முறை திறந்தால்கூட இருபது வருடத்தில் பதினைந்தாயிரம் முறைகூட ஆகாது. பலர் வாரத்துக்கு ஒருமுறைதான் திறப்பார்கள். கிளட்ச் கேபிள் உழைத்து அறுகிறது. டிக்கி கேபிள் சும்மா கிடந்து அறுகிறது. அப்படியானால் அதன்மேல் ஏறும் விசை நாம் நினைப்பதைவிட அதிகமாக இருக்க வேண்டும்.

இருக்கிறது. முரட்டுக் காளையைப் பிடித்திருப்பவர் கயிற்றை மரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டால் பிறகு ஒற்றைக் கையால் நிற்பார். உராய்வு ஒவ்வொரு சுற்றுக்கும் கூட்டலாக அல்ல, பெருக்கலாக ஏறுகிறது. ஒரு சுற்றில் ஆறரை மடங்கு கிடைத்தால் இரண்டு சுற்றில் நாற்பதுக்கும் மேல். ஆய்லரும் அவருக்குப் பின் ஐடெல்வைனும் இதைச் சமன்பாடாக எழுதினார்கள். அதில் ஒரு வினோதம்: மரம் பருமனா ஒல்லியா என்பது கணக்கிலேயே வராது. உராய்வுக் கெழுவும், கயிறு மொத்தம் எத்தனை பாகை சுற்றியது என்பதும் மட்டும்தான்.

காளைக்காரருக்கு உதவும் அதே விதி நமக்கு எதிரி. கேபிளின் வழியை எண்ணிப் பாருங்கள். லீவரிலிருந்து நிலைப்படிக்குத் திரும்ப 90 பாகை. சக்கர வளைவில் ஏறி இறங்க 45-ம் 45-ம். டிக்கிக்குள் ஒரு 90, கீலில் இன்னொரு 90. கூட்டினால் 360, அதாவது கம்பி மரத்தை முழுசாக ஒரு சுற்றுச் சுற்றியதற்குச் சமம். பூட்டைத் திறக்க நாலு கிலோ விசை வேண்டும் என்று வையுங்கள். உறையின் உட்புறம் வழவழப்பாக, உராய்வுக் கெழு 0.1 ஆக இருந்தால் லீவர் பக்கம் ஏழரை கிலோ போதும். தூசும் துருவும் ஏறி அது 0.3 ஆகிவிட்டால் 26 கிலோ. பூட்டும் துருப்பிடித்து நாலுக்கு எட்டு கேட்டால், லீவர் பக்கம் 52 கிலோ. புதுக் கம்பி இதையும் தாங்கும், பாதி இழை போன கம்பி எத்தனை நாள் தாங்கும்?

இதனால் புதிய கேபிள்களின் அவுட்டருக்குள் பிளாஸ்டிக் குழாய் ஒன்று ஓடுகிறது. சிலவற்றில் அது நம் தோசைக்கல்லில் பூசும் டெஃப்லான், 1938-ல் டூபான்ட் நிறுவனத்தின் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்ட பொருள். இத்தகைய கேபிளுக்கு எண்ணெய் வேண்டாம். பாசமாகக் கிரீஸ் அடைத்தால் அது தூசைப் பிடித்துவைத்து அரப்பொடிபோல் ஆகிவிடும். துரு இளக்கும் ஸ்ப்ரேக்கள் அந்த வேளைக்கு உதவும், நாள்பட நிற்காது.

பூட்டைப் பற்றி அனுபவமுள்ள மேஸ்திரிகளுக்கு ஒரு கைப்பக்குவம் தெரியும். லீவர் கடினமாக இருந்தால் ஒருவரை இழுக்கச் சொல்லிவிட்டு, இன்னொருவர் டிக்கி மூடியைக் கீழ்நோக்கி அமுக்குவார். பட்டென்று திறந்துகொள்ளும். மூடியைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங் எப்போதும் மூடியை மேலே தள்ளிக்கொண்டிருக்கிறது. அந்தத் தள்ளல்தான் பூட்டின் நாக்கைக் கொக்கியோடு இறுக்குகிறது. மூடியை அமுக்கினால் இறுக்கம் தளர்கிறது, கேபிளுக்கு வேலை குறைகிறது. டிக்கியில் சாமான் பிதுங்கப் பிதுங்க அடைத்து மூடுகிறவர்கள் தங்கள் கேபிளை ஒவ்வொரு முறையும் சித்திரவதை செய்கிறார்கள். என் அபிப்பிராயத்தில் பூட்டைக் கழற்றிக் கழுவாமல் கேபிளை மட்டும் மாற்றுவது வீண்செலவு. ஜீவனஹள்ளிப் பக்கத்து ஷெட்டுகளில் தமிழும் கன்னடமும் உருதுவும் கலந்து ஓடும் பேச்சில் இந்த விஷயம் ஒரே வரியில் வரும்: "சார், லாக்கு டைட்டா இருக்கு, கேபிள் என்ன பண்ணும்?"

கேபிள் கிடைப்பதில் கஷ்டமில்லை. ஜே.சி. ரோடு கடைகளில் புதிது இருக்கும், உற்பத்தி நின்றுபோன மாடல் என்றால் சிவாஜிநகரின் பழைய பொருள் சந்தையான குஜிரியில் தேட வேண்டும். பழைய காரிலிருந்து கழற்றிய கேபிளை நான் சிபாரிசு செய்யமாட்டேன். அதுவும் அதே வயது, அதே மழை. கேபிள் செய்யும் பெரிய கம்பெனி ஒன்று இந்த ஊரிலேயே இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 1985-ல் தொடங்கிய சுப்ரஜித் எஞ்ஜினியரிங்கின் தலைமையகம் ஓசூர் சாலையில் பொம்மசந்திரா தொழிற்பேட்டை. ஓசூர் டிவிஎஸ் வண்டிகளுக்குக் கேபிள் கொடுத்து வளர்ந்த அந்த நிறுவனம், 2016-ல் அமெரிக்காவின் கான்சாஸில் இருந்த வெஸ்கான் என்ற கேபிள் கம்பெனியையே வாங்கியது. புல்வெட்டும் இயந்திரங்களுக்குக் கேபிள் செய்யும் கம்பெனி அது. கேபிளின் காலம் முடிந்துவிட்டது, இனி எல்லாம் மோட்டாரும் பட்டனும்தான் என்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

வேலையில் முதல் தடை, அறுந்த கேபிளோடு மூடிக்கிடக்கும் டிக்கி. பின்பக்கம் சாவித்துளை இருந்தால் பிழைத்தோம். இல்லையென்றால் பின்சீட்டைக் கழற்றி, அந்த வழியாக உடம்பை நுழைத்து, டார்ச் வெளிச்சத்தில் ஸ்க்ரூடிரைவரால் பூட்டின் நாக்கைத் தட்ட வேண்டும். டிக்கிக்குள் அகப்பட்ட மனிதருக்கு இது எப்படியிருக்கும் என்று 1995-ல் அனுபவித்தவர் ஜேனட் ஃபென்னல். சான் பிரான்சிஸ்கோவில் கொள்ளையர்கள் அவரையும் கணவரையும் அவர்கள் கார் டிக்கியிலேயே அடைத்துவிட்டுப் போனார்கள். இருட்டில் கேபிளைத் தடவிக் கண்டுபிடித்து இழுத்து அவர்கள் வெளியே வந்தார்கள். பிறகு அவர் விடாமல் போராடியதில், 2001 செப்டம்பர் முதல் அமெரிக்கச் சந்தைக்குத் தயாராகும் டிக்கி வைத்த கார்களுக்கு உள்ளிருந்து திறக்கும் பிடி கட்டாயமானது. இருட்டில் ஒளிரும் அந்தச் சின்னப் பிடியைப் பல கார்களில் பார்க்கலாம்.

டிக்கி திறந்த பிறகு மீதி பொறுமை வேலை. நிலைப்படியின் பிளாஸ்டிக் பட்டையை மேல்நோக்கித் தூக்கிக் கழற்றி, கார்ப்பெட்டை விலக்கினால் கேபிள் தெரியும். அருகிலேயே பெட்ரோல் மூடியின் கேபிளும் ஓடும், மாற்றிப் பிடித்துவிடாதீர்கள். பழையதை உருவுவதற்கு முன் அதன் முனையில் ஒரு நைலான் கயிற்றைக் கட்டிவிட வேண்டும். பழையது வெளியே வர வர, கயிறு அதன் பாதையில் உட்காரும், பிறகு அதே கயிறு புதிய கேபிளை உள்ளே இழுத்துக்கொடுக்கும். எங்கேயும் நறுக்கென்று மடியக்கூடாது. சுற்றிய பாகைதான் உராய்வுக்கு முக்கியம் என்றேன், ஆனால் இழையின் சோர்வுக்கு வளைவின் விட்டம்தான் முக்கியம். கம்பெனி போட்ட கிளிப் ஒவ்வொன்றிலும் அவுட்டரை மாட்ட வேண்டும், ஒன்றைக்கூட விடாமல்.

பூட்டைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பிரஷ்ஷால் தேய்த்து, காயவிட்டு, நாக்கு சுழலும் அச்சுக்கு மட்டும் துளி கிரீஸ். லீவரில் நிப்பிள் உட்காரும் துளைக்கும் அப்படியே. கடைசியில் தளர்வு. லீவர் கீழே இருக்கும்போது இன்னரில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விளையாட்டு இருக்க வேண்டும். விறைப்பாக வைத்தால் நாக்கு முழுசாக விழாமல், மேட்டில் ஏறி இறங்கும்போது மூடி தானே திறந்துகொள்ளும். அதிகம் தளர்ந்தால் லீவரின் பாதித் தூக்கு வீணாகும்.

இதையெல்லாம் மூடி திறந்திருக்கும்போதே சோதிக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவர் தண்டைக் கொக்கிக்குப் பதிலாக நாக்கில் வைத்து அழுத்தினால் பூட்டு விழும். உடனே லீவரைத் தூக்கினால் நாக்கு துள்ளித் திறக்க வேண்டும். நாலைந்து முறை இப்படிச் செய்து, ஒவ்வொரு முறையும் லீவர் ஒரே மாதிரி லேசாக வந்தால் மூடியை இறக்கலாம்.